டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்து மணி திருத்தினார்களா?

வாசகர் கேள்வி, 17 ஜூன் 2023

"எங்க தாத்தா மதுரைக்காரர். டி.வி.எஸ். பஸ் வர்றதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்துல கடிகாரத்துல மணி திருத்துவாங்கன்னு அடிக்கடி சொல்வார். முதலாளி கண்டிப்பானவர், டிரைவர் பயந்துக்கிட்டு நேரத்துக்கு ஓட்டினான், 1972-ல கவர்மென்ட் எடுத்ததும் எல்லாம் கெட்டுப்போச்சுன்னும் சொல்வார். இதுல எவ்வளவு நிஜம்? அந்த வண்டிகளைப் பார்த்தவங்க இருக்கீங்களா?"

17 ஜூன், இரவு 10.40

பார்த்திருக்கிறேன், ஏறியும் இருக்கிறேன். அப்பா மேலவெளி வீதி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கம்பெனி பஸ்கள் அரசுக்குப் போனபோது எனக்குப் பதினொரு வயது.

உங்கள் தாத்தா சொன்னதில் ஒரு பாதி சரி. வண்டி நேரத்துக்கு வந்தது நிஜம். டிரைவர் பயந்து ஓட்டினான் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பயத்தால் வண்டியைச் சீக்கிரம் ஓட்டலாம். வழியில் நிற்காமல் ஓட்ட முடியாது. நேரம் என்பது டிரைவர் காலில் இருந்த விஷயம் இல்லை, முந்தின ராத்திரி ஒர்க்‌ஷாப்பில் முடிவான விஷயம். விரிவாக நாளைக்கு எழுதுகிறேன்.

18 ஜூன், காலை

எழுதும் முன் ஒரு பெயர்த் திருத்தம். டி.வி.எஸ். பஸ் என்று நாமெல்லாம் சொன்னாலும் காகிதத்தில் அது சதர்ன் ரோட்வேஸ். டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் என்பது தாய்க் கம்பெனி. யாரும் "சதர்ன் ரோட்வேஸ் வந்துருச்சா?" என்று கேட்டு நான் கேட்டதில்லை. "டி.வி.எஸ். போயிருச்சா" என்றுதான் கேட்பார்கள்.

முதலாளியைப் பற்றியும் ஒன்று. சுந்தரம் ஐயங்கார் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே, பேங்க் என்று பார்த்துவிட்டு 1911-ல் மதுரையில் சொந்தத் தொழில் தொடங்கினார். 1912-ல் பஸ் ஓட ஆரம்பித்தது. தொடக்க காலத் தடங்களில் பேர்பெற்றது தஞ்சாவூர் – புதுக்கோட்டை. ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஜில்லா, இன்னொரு பக்கம் தொண்டைமான் சமஸ்தானம். மாட்டு வண்டிக்காகப் போட்ட ரோட்டில் மோட்டாரை விட்டார்கள்.

அவர் காலமானது 1955 ஏப்ரலில். உங்கள் தாத்தா 60-களில் ஏறிய பஸ் நேரத்துக்கு வந்ததென்றால் அதற்குப் பெரியவரின் அதட்டல் காரணமாக இருக்க முடியாது. அவர் போய்ப் பத்து வருஷத்துக்குப் பிறகும் ஓடிய ஒழுங்கு அது. அந்த ஒழுங்கு எங்கே இருந்தது என்பதுதான் நம் கேள்வி.

18 ஜூன், இரவு 11.15

இப்போது ஒர்க்‌ஷாப்.

அப்பாவுக்கு மாதத்தில் பாதி நாள் ராத்திரி ஷிப்ட். கடைசி டிரிப் முடிந்து வண்டி உள்ளே வரும்போது டிரைவர் ஒரு சீட்டில் குறை எழுதிக் கொடுப்பார். கிளட்ச் நழுவுகிறது, இடது பக்கம் இழுக்கிறது, ஹாரன் அடிக்கவில்லை. குறையே இல்லாவிட்டாலும் "நில்" (இங்கிலீஷ் Nil, ஒன்றுமில்லை) என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுக்கு இந்த "நில்" ரொம்பப் பிடிக்கும். "நில்லுன்னு எழுதினா வண்டி நிக்காதுடா" என்பார்.

ஆனால் டிரைவர் "நில்" என்று எழுதிவிட்டார் என்பதற்காக ஃபிட்டர் சும்மா இருக்க முடியாது. இத்தனை மைல் ஓடினால் இதைக் கழற்று என்று கணக்கு உண்டு. பிரேக் லைனிங் தேய்ந்து கத்தும் வரை காத்திருப்பதில்லை. மைல் வந்ததும் டிரம்மைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் மாற்றிவிடுவார்கள். எஞ்சினில் பெரிய வேலை என்றால் வண்டியை நாள்கணக்கில் நிறுத்திப் பிரித்துக்கொண்டிருப்பதில்லை. சரிபண்ணித் தயாராக வைத்திருக்கும் எஞ்சின் ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கி, பழையதை எடுத்து ஓரம் வைப்பார்கள். விடியற்காலை முதல் டிரிப்புக்கு வண்டி கிளம்பிவிடும். பழைய எஞ்சினைச் சாவகாசமாகப் பகலில் பார்த்துக்கொள்வார்கள்.

டயருக்கும் அப்படித்தான். ஒவ்வொரு டயருக்கும் ஒரு நம்பர், அது எந்த வண்டியில் எந்தச் சக்கரத்தில் எத்தனை மைல் ஓடியது என்று ஒரு புத்தகம். தேய்ந்த டயரை மறுபடி வார்க்கும் ரப்பர் வேலையும் மதுரையிலேயே இருந்தது.

அப்பா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாக்கியம்: "ரோட்டுல படுத்து ரிப்பேர் பாக்குறவன் கெட்டிக்காரன்னு ஊர் நெனைக்கும். வண்டிய ரோட்டுல படுக்க விடாதவனை யாருக்கும் தெரியாது."

இந்தப் பஸ் கம்பெனிக் குடும்பத்திலிருந்து பின்னால் என்னென்ன தொழிற்சாலைகள் வந்தன என்று பாருங்கள். சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, 1960. செல்ஃப் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் லூகாஸ் டி.வி.எஸ்., 1961. பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, 1962. காற்று பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டன், அதுவும் 1962. எல்லாம் சென்னை பாடியில். பஸ்ஸை ரோட்டில் நிறுத்தக்கூடிய சாமான்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொழிற்சாலை கட்டியது போல எனக்குத் தோன்றும்.

19 ஜூன், மதியம்

காந்தம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் கட்டி ரோட்டில் கிடந்த ஆணியைப் பொறுக்கினார்கள் என்ற கதை மதுரையில் எல்லாருக்கும் தெரியும். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோதே அது பழங்கதை, மூத்த ஃபிட்டர்கள் சொல்லக் கேட்டது.

கதைக்குப் பின்னால் இருக்கும் தொல்லை நூற்றுக்கு நூறு உண்மை. ரோடு முழுக்க மாட்டு வண்டி. மாட்டுக்கு லாடம் அடிப்பார்கள். லாடம் தேய்ந்து கழன்றால் லாட ஆணி ரோட்டிலேயே கிடக்கும். இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டிச் சக்கரத்துக்கு அதனால் ஒன்றுமில்லை, காற்றடைத்த ரப்பர் டயருக்கு அதுதான் எமன். ஒரு பஞ்சருக்குக் குறைந்தது அரை மணி நேரம் போய்விடும். நேரத்தைக் காப்பாற்ற நினைத்தவன் முதலில் ஆணியைத்தான் பொறுக்க வேண்டும். டிரைவரை அதட்டி என்ன ஆகப் போகிறது?

20 ஜூன், காலை

போன வாரம் போடிக்கு ரயில் திரும்பி வந்துவிட்டது. அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தியது. தேனி வரைக்கும் போன வருஷம் வந்தது, இப்போது போடி. பன்னிரண்டு வருஷம் ரயில் இல்லாமல் இருந்தோம் என்று எல்லாரும் பேசுகிறார்கள். இதற்கு முன்னாலும் அந்தத் தடத்தில் ஒரு தடவை ரயில் இல்லாமல் போனது. 1928-ல் போட்ட பாதையை 1942-ல் யுத்தத்துக்காக நிறுத்தித் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். மறுபடி ரயில் வந்தது 50-களில்தான்.

யோசித்துப் பாருங்கள். ரயில் போன அதே நேரத்தில்தான் பெட்ரோலுக்கும் ரேஷன். கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் பஸ்ஸையே நம்ப வேண்டிய காலத்தில் பஸ்ஸுக்கு ஊற்ற ஒன்றுமில்லை. அங்கேதான் கரி வண்டி வருகிறது. டி.வி.எஸ். தன் பெயரிலேயே ஒரு கேஸ் பிளான்ட் வடிவமைத்துச் செய்தது. வண்டியின் பின்புறம் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு. அதில் அடுப்புக்கரி. காற்றை முழுக்க விடாமல் கொஞ்சமாக விட்டால் கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கக்கும். அதைக் குளிரவைத்து, சாம்பல் தூசியை வடிகட்டி எஞ்சினுக்குள் அனுப்பினால் பெட்ரோலுக்குப் பதிலாக அதுவே எரியும். ஆனால் எஞ்சினின் பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். சமதரையில் சமாளிக்கலாம், ஏற்றத்தில் தெரியும் சங்கதி.

எங்கள் அப்பத்தா 1944-ல் வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு இப்படி ஒரு கரி பஸ்ஸில் போனவர். எந்தக் கம்பெனி என்று அவருக்கு நினைவில்லை. கிளம்பும் முன் கிளீனர் அடுப்பைப் பற்ற வைத்து, காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பானாம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வந்ததும் "ஆம்பளையாளுக எறங்குங்க" என்று குரல் வருமாம். கொஞ்ச தூரம் போய் "எல்லாரும் எறங்குங்க" என்று அடுத்த குரல். கணவாய் முழுக்க நடந்தே ஏறினோம் என்பார்.

20 ஜூன், இரவு

அத்தை இதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். செக்கானூரணியில் இருக்கிறார், 81 வயது, கண் நன்றாகத் தெரிகிறது. "முழுக்க நடந்தேன்னு எங்கம்மா எப்ப சொன்னா? வளைவு வரைக்கும் நடந்தாக, அதுக்கப்புறம் சாம்பலைத் தள்ளிட்டுக் கரி போட்டாக, வண்டி ஏறிருச்சு. பொம்பளையாளுகளை வண்டி தள்ளச் சொல்லலை, அதையும் எழுது." எழுதிவிட்டேன் அத்தை.

22 ஜூன், இரவு 9.30

1972 பற்றிச் சூடாக நிறைய வந்திருக்கிறது. என் பங்கைச் சொல்கிறேன்.

சென்னையில் அரசு 1947-லேயே பஸ் விடத் தொடங்கிவிட்டது. மற்ற ஊர்களில் பெரிய கம்பெனிகள்தான். மதுரையில் டி.வி.எஸ்., பொள்ளாச்சியில் ஏ.பி.டி., கும்பகோணம் பக்கம் ராமன் அண்ட் ராமன், ஸ்ரீ ராம விலாஸ், சத்தி விலாஸ். கலைஞர் முதல்வராக இருந்தபோது 1971-ல் சட்டம் வந்தது. 50 பஸ்ஸுக்கு மேல் வைத்திருந்த கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டது. மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன், சென்னையில் பல்லவன். சின்ன முதலாளிகளை விட்டுவிட்டார்கள். தேனி, திண்டுக்கல் பக்கம் இன்றும் தனியார் பஸ் ஓடுவது அதனால்தான்.

எல்லாம் கெட்டுப்போச்சு என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. வண்டியை யார் ஓட்டினார்கள்? அதே டிரைவர். யார் ராத்திரி டிரம்மைக் கழற்றினார்கள்? எங்கள் அப்பா. சட்டைப்பையில் இருந்த பேட்ஜ் மாறியது, கை மாறவில்லை. பாண்டியனின் ஆரம்ப வருஷங்களில் வண்டிகள் எப்படிப் பளபளப்பாக இருந்தன என்று எனக்குத் தெரியும். அந்த ஒழுங்கை அரசுக்குச் சீதனம் மாதிரி கொண்டுபோனவர்கள் தொழிலாளர்கள்.

எங்கள் ஊர் உசிலம்பட்டி ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. அப்பா அவ்வளவு பெரிய பஸ் கம்பெனியில் வேலை பார்த்தும் அப்பத்தா ரோட்டுக்கு நடந்துதான் வந்தார். கம்பெனி பஸ்ஸுக்கு அங்கே என்ன வேலை? ஏறுவதற்குப் பத்துப் பேர்கூடக் கிடையாது. 1976-ல் பாண்டியன் பஸ் ஊருக்குள் வந்தது. வாழைமரம் கட்டி, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போட்டோம். அப்பத்தா பஸ்ஸுக்குச் சூடம் காட்டினார். நஷ்டத் தடம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் என் தங்கை ஒன்பதாம் வகுப்புக்குப் போனது அந்த பஸ்ஸில்.

22 ஜூன், இரவு 11.50

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதை மறுபடி படித்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டேனோ என்று இருக்கிறது.

அப்பா 1991-ல் ஓய்வு பெற்றார். கடைசிப் பத்து வருஷம் வீட்டுக்கு வந்து அவர் சொன்ன வார்த்தை "சாமான் இல்ல." கை இருந்தது, புத்தகம் இருந்தது, மைல் கணக்கும் இருந்தது. மாற்றுவதற்கு அலமாரியில் சாமான் இல்லை. டிக்கெட் விலையை ஏற்ற முடியாது, நஷ்டத் தடத்தை நிறுத்த முடியாது, அப்புறம் உதிரிப் பாகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஒரே பணத்தை ஊருக்குள் பஸ் விடுவதற்கும் டிரம் மாற்றுவதற்கும் பிரிக்கும்போது பின்னது தோற்கும். சத்தம் போடுவது ஊர்ச்சனம், பிரேக் டிரம் பேசாது.

ஆகவே உங்கள் தாத்தா சொன்னதை நான் முழுசாகத் தள்ளிவிடவில்லை. "1972-ல கெட்டுப்போச்சு" என்பதைத் தள்ளுகிறேன். பின்னால் நேரம் கெட்டது. அதற்குக் காரணம் கண்டிப்புக் குறைந்ததில்லை, அலமாரி காலியானது.

23 ஜூன், மாலை

"நீங்க தனியார் கம்பெனியில வேலை பார்த்திருக்கீங்களா, சும்மா அப்பா கதையா?" என்று கேட்ட நண்பருக்கு: பார்த்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்து 1981-லிருந்து நான்கு வருஷம். ஆறு வண்டி வைத்திருந்த ஒரு சின்ன முதலாளி. பெயர் வேண்டாம்.

அங்கே தான் அப்பா சொன்னது எனக்குப் புரிந்தது. ஆறு வண்டிக்கு ஆறு பெர்மிட், ஸ்பேர் பஸ் கிடையாது. ஒரு வண்டி படுத்தால் இன்னொன்றிலிருந்து சாமானைக் கழற்றி இதில் போடுவோம். சாயந்திரம் அதற்கு வேறொன்றிலிருந்து. 1983 கார்த்திகையில் ஸ்பிரிங்கின் மெயின் பட்டை முறிந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடி ரோட்டோரம் நின்றுவிட்டது. முந்தின வாரமே பட்டையில் விரிசலைப் பார்த்துச் சொல்லியிருந்தேன். "தீபாவளிக் கலெக்‌ஷன் முடியட்டும், கார்த்திகை முடியட்டும்" என்றார் முதலாளி. மழை. ஐம்பது பேர் புளியமரத்தடியில். ஓர் அம்மா மடியில் காய்ச்சல் குழந்தையோடு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. லாரி ஒன்றை நிறுத்தி அவரை உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். ஆனால் பைனான்ஸ்காரன் மாதம் ஒன்றாம் தேதி வாசலில் நிற்பான். நிறைய வண்டி இருந்தால் ஸ்பேர் வண்டி வைக்கலாம், எஞ்சினை வாங்கி ஓரமாக வைக்கலாம். ஆறு வண்டிக்காரரால் முடியாது. தனியாரா அரசா என்று பேசுகிறோம். ராத்திரியில் அலமாரி நிறைந்திருந்ததா என்பதை யாரும் கேட்பதில்லை.

ஸ்பானர் பற்றியும் சொல்ல வேண்டும். லேலண்ட் காமெட் வண்டிக்கு இங்கிலாந்து அளவு விட்வொர்த் ஸ்பானர். டாடா மெர்சிடிஸ் ஜெர்மன் வழி, மில்லிமீட்டர் அளவு. பழைய செவர்லே, ஃபார்கோவுக்கு அமெரிக்க அங்குல அளவு. மூன்றும் கலந்து நிற்கும் ஷெட்டில் தப்பான ஸ்பானரைப் போட்டு நட்டின் முனையை மழுக்கிவிடுவது தினசரி நடக்கும். மழுங்கின நட்டைக் கழற்ற உளி வைத்து அடிக்க வேண்டும், அங்கே ஒரு மணி நேரம் போகும். அப்பா ஷெட்டில் ஒரே மாதிரி வண்டிகளை ஒரே பிட்டில், அதாவது வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தில், பார்ப்பார்களாம். சின்ன விஷயம், ஆனால் நேரம் இப்படித்தான் சேரும்.

24 ஜூன்

கோயம்புத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்கிறீர்கள், எங்கள் ஊரை விட்டுவிட்டாயே என்று. நியாயம்தான். ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சி – பழனி தடத்தில் தானே ஓட்டினார். வண்டி விலையில் பாதி, கோவையில் தொழில் நடத்திய வெள்ளைக்காரர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கொடுத்த கடன். அதுதான் பின்னால் யு.எம்.எஸ். என்ற பஸ் கம்பெனியாகப் பெருகியது. அவருடைய மனசு முழுக்க இயந்திரத்தில் இருந்தது. பஸ் அவருக்கு ஒரு பரிசோதனைக்கூடம் மாதிரி. மதுரையில் பஸ் கம்பெனி உதிரிப் பாகத் தொழிற்சாலைகளாகப் பிரிந்தது, கோவையில் பஸ் முதலாளியே கண்டுபிடிப்பாளராக மாறினார்.

ஏ.பி.டி.யை நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-ல் தொடங்கினார். பஸ்கள் சேரனுக்குப் போன பிறகும் ஏ.பி.டி. பெயர் பார்சல் சர்வீஸில் ஓடியது. பொள்ளாச்சிக்காரர் யாராவது ஆனைமலை ஏற்றத்தில் போன வண்டிகளைப் பற்றி எழுதுங்கள், எனக்கு ஆசையாக இருக்கிறது.

25 ஜூன்

கரூரிலிருந்து ஒரு தம்பி. ஃபோம் ஷீட்டில் பஸ் மாடல் செய்கிறாராம். பழைய பஸ் உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். உங்கள் ஊரிலேயே பாடி கட்டுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் இப்போது எல்லாம் இரும்புக் குழாய். சரி, எனக்குத் தெரிந்தது.

ஐம்பதுகளின் வண்டி என்றால் சட்டம் தேக்கு மரம். மேலே அலுமினியத் தகடு. ஆகையால் ஒர்க்‌ஷாப்பில் ஆசாரிகள் உண்டு. இழைப்புளியும் ஸ்பானரும் ஒரே கூரையின் கீழ். எஞ்சின் மூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, சுருட்டிக் கட்டிய படுதா. மழை வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் அவிழ்ப்பார்கள், உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி ஆகிவிடும். பின்பக்கம் டாப்புக்கு ஏணி. டாப்பில் வாழைத்தார், கோழிக்கூடை, மல்லிகைப் பூ மூட்டை. பூ மூட்டையில் மட்டும் ஈரச் சாக்கு போர்த்தியிருப்பார்கள். ஹாரன் ரப்பர் பந்து, டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில் வெளியே.

மாடலில் படுதாவைப் பாதி ஜன்னலில் சுருட்டியும் பாதியில் இறக்கியும் வையுங்கள் தம்பி. எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி இருந்த பஸ்ஸை நான் பார்த்ததில்லை.

27 ஜூன்

பஸ் போய் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. கண்டக்டர்கள் இன்னும் பெயரைக் கூவுகிறார்கள். திருச்சியில் "டி.வி.எஸ். டோல்கேட் எறங்கு", புதுக்கோட்டையில் "டி.வி.எஸ். கார்னர்." மதுரையில் டி.வி.எஸ். நகர். பாண்டியன், சேரன், சோழன் பெயர்களை 1997-ல் எடுத்துவிட்டார்கள், எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. "பாண்டியன் வந்துருச்சா" என்று யாரும் இப்போது கேட்பதில்லை. அப்பா கடைசி வரை "நம்ம பாண்டியன்" என்றும், அதற்கு முந்தினதை "கம்பெனி" என்றும் சொல்வார். இரண்டையும் ஒரே குரலில் சொல்வார்.

2 ஜூலை, இரவு

ஞாயிற்றுக்கிழமை, செக்கானூரணிக்குப் போயிருந்தேன். முதல் கேள்விக்கு வருகிறேன். உண்மையிலேயே பஸ்ஸைப் பார்த்து மணி திருத்தினார்களா என்று அத்தையிடம் கேட்டேன்.

அத்தை சிரித்தார். "கடிகாரம் யாரு வீட்டுல இருந்துச்சு? பஸ்ஸுதான் மணி. மொத பஸ்ஸுக்குப் பால் கறக்கணும். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு உலை எறக்கணும். சாயந்திர பஸ்ஸு போனா மாடு திரும்பணும்."

அதை எழுதலாம் என்றுதான் கிளம்பினேன். கூட்ஸ் வண்டி மாதிரி எல்லாரும் திருப்பிச் சொல்லும் ஒரு வழக்கைத் திருத்திவிட்ட திருப்தி. செருப்பு மாட்டும்போது அத்தை சுவரைக் காட்டினார். சாவி கொடுக்கும் பழைய சுவர்க் கடிகாரம், ஓடவில்லை. 1969-ல் அப்பாவுக்கு போனஸ் வந்தபோது தங்கச்சிக்கு வாங்கிக் கொடுத்தது.

"இதை மாட்டின அன்னைக்கு சாவி கொடுத்துட்டோம். என்ன மணி வைக்கிறதுன்னு தெரியலை. ஒங்க மாமா ஸ்டூல் மேல ஏறி முள்ளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் வாசல்ல நின்னு ரோட்டைப் பாக்குறேன். உங்கப்பன் கம்பெனி பஸ்ஸு, நாலரைக்கு வரணும். வந்துச்சு. 'வந்துருச்சு, விடுங்க'ன்னேன். விட்டாரு."

2 ஜூலை, இரவு 11.20

மேலே "கூட்ஸ் வண்டி மாதிரி" என்று எழுதியது சரியாக வரவில்லை, அதை அடித்துப் படியுங்கள். உங்கள் தாத்தா இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், செக்கானூரணியில் ஒரு வீட்டில் திருத்தினார்கள் என்று.